பத்தாவது பொட்டு

படகின் மூக்கில் ஒன்பது சிவப்புப் பொட்டுகள் இருந்தன. எல்லாம் நகப்பூச்சு. வைத்தது டீச்சர்.

டீச்சர் என்றால் படகுக்காரருடைய மனைவிதான். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர், கூப்பிடுகிறவர் கட்டிய புருஷன். படகு பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பதினோரு அடி நீளம், வெள்ளை ஃபைபர், பின்னால் ஒரு சின்ன மோட்டார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் முழங்காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். ஃபைபர் அடிபட்டுச் சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கி, நாளாக நாளாக ஊறிப் புடைத்துக்கொள்ளும். அதை அடைக்க முறையான பூச்சு கடையில் கிடைக்கிறது. முதல் சில்லு பெயர்ந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. மகள் விட்டுவிட்டுப் போன நகப்பூச்சு அலமாரியில் இருந்தது. டீச்சர் ஒரு சொட்டு வைத்து அடைத்தாள், தண்ணீர் இறங்கவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது பொட்டு வைக்கும்போது, "என்னங்க இது, படகுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று சிரித்தாள். ஐந்தாவதுக்குச் சிரிக்கவில்லை. ஆறாவது வைத்துவிட்டு, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"பத்து. பத்தாவது பொட்டு வெச்சேன்னா படகை வித்துடணும். கார் சாவியும் என்கிட்ட வந்துடணும்."

"நடுவுல கார் எங்கேருந்து வந்துச்சு?"

"படகை இடிக்கிறவருக்குக் காரை இடிக்க எவ்ளோ நேரமாகும்?"

"பத்தா? ஏழே வராது, போ."

இவருக்கு வாய் எப்போதுமே இரண்டடி முன்னால் போகும். ஏழு அடுத்த மாதமே வந்தது.

அவரைத் துறைமுகத்தில் எல்லோரும் 'விரக்கடை' என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டு, லாரி நீளப் பெட்டிகளை இறக்குவார். பக்கத்துப் பெட்டிக்கும் இவர் இறக்கிய பெட்டிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். புதிதாக வந்த மேஸ்திரி ஒருத்தர் நம்பாமல் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது, இரண்டாவது போகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

ஏரிக்கரையிலும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார். அங்கே தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சரிவு ஒன்று உண்டு. மற்றவர்கள் காரில் மாட்டிய படகு டிரெய்லரைப் பின்னால் தள்ளித் தண்ணீரில் இறக்கி, படகு மோட்டாரை அணைத்து, இடுப்பளவு நனைந்து, படகின் மூக்கில் கொக்கியை மாட்டி, வின்ச்சைக் கையால் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். இவர் அந்த ஜாதியில்லை. படகை ஓட்டிக்கொண்டே வந்து நேராக டிரெய்லர்மேல் ஏற்றி, முன்கம்பத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துவார். அப்படியே மூக்கு வழியாக இறங்கி டிரெய்லர் தண்டின்மேல் நடந்து கரைக்கு வருவார். செருப்பு நனையாது. கரையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அதற்காகவே வாரம் தவறாமல் போனார் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த மனிதர் இப்போது இடித்துக்கொண்டிருந்தார். காரணம் அவருக்குத் தெரியும். இடது கண்.

பதினோரு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை, முகம் கழுவித் துடைக்கும்போது வலது கண்ணைத் துண்டு மறைத்தது. எதிரே சுவரில் காலண்டர். தாளின் ஓரம் தெரிந்தது, மேலே கம்பெனிப் பெயர் தெரிந்தது, நடுவில் தேதி இல்லை. கட்டைவிரல் ரேகை அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை. துண்டை எடுத்தார், தேதி வந்துவிட்டது. அன்று கண்ணாடி துடைக்கப் புதுத் துணி வாங்கினார். அடுத்த வாரம் கண்ணாடியையே மாற்றினார், கடையில் கண்ணைச் சோதிக்கிறேன் என்றதற்கு வேண்டாம், பழைய பவரே போதும் என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் எழுதிவிடுவார், எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும். டீச்சரிடமும் மூச்சு விடவில்லை. எட்டுப் பொட்டு ஆனபிறகு ஒருநாள், தப்பு டிரெய்லர் பேரில்தான் என்று முடிவுக்கு வந்தார்.

முடிவுக்கு வந்துவிட்டால் சும்மா இருக்கிற ஆளா? பழைய லாரி டயரில் ஒரு துண்டு அறுத்தார். வீட்டு வாசலில் படகை டிரெய்லர்மேல் ஏற்றி வைத்து, மூக்கு கம்பத்தில் எங்கே படுகிறது என்று டேப்பை வைத்து அளந்து, ஓட்டை போட்டு, நாலு போல்ட் முடுக்கி, கையால் குத்திப் பார்த்தார். கை வலித்தது, டயர் அசையவில்லை. டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் படகு கம்பீரமாக வந்தது. வந்து, டயருக்கு அடியில் நுழைந்து, கீழே இருந்த குறுக்குச் சட்டத்தில் 'ணங்' என்று மோதியது. இதுவரை வந்ததிலேயே பெரிய சில்லு அதுதான். ஒன்பதாவது பொட்டுக்கு நகப்பூச்சு இரண்டு தடவை தோய்க்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு பாக்கி," என்றாள் டீச்சர். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளே டிரெய்லரை இழுத்துக்கொண்டு வெல்டர் பட்டறைக்குப் போனார். வெல்டருக்கு நாற்பது வயதிருக்கும், எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி, பேச்சு குறைவு. டயர்த் துண்டைப் பார்த்தார், போல்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இதை எங்க வெச்சு அளந்தீங்க சார்?"

"வீட்டு வாசல்ல."

"வாசல் சமதரை. ஏரியில டிரெய்லர் சரிவுல சாய்ஞ்சு நிக்கும், படகு தண்ணியில நேரா வரும். மூக்கு கீழதான் வந்து பூரும். துறைமுகத்துல இருந்தேன்னு சொல்றீங்க!"

விரக்கடைக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்தெட்டு வருடம் ஆடுகிற கப்பலில் பெட்டியை இறக்கியவருக்கு இது தோன்றாமல் போயிற்றே! "அது... அவசரத்துல தம்பி," என்று இழுத்தார்.

"நேர்ல பார்த்தாத்தான் எனக்கு அளவு வரும். நாளைக்குக் காலையில ஏரிக்கு வர்றேன்."

சொன்னபடியே வந்தார். கையில் ஒரு பொட்டலம் நீலச் சாக்பொடி, இரண்டு கோணிச் சாக்கு. கம்பத்திலும் குறுக்குச் சட்டத்திலும் சாக்கை மடித்துக் கட்டினார். படகின் மூக்கில் பொடியை அப்பினார். "ஏத்துங்க சார். எங்க நீலம் ஒட்டுதோ அங்கதான் நமக்கு வேலை."

முதல் தடவை விரக்கடை கம்பத்துக்கு மூன்றடி முன்னாலேயே நிறுத்திவிட்டார். சாக்கில் ஒரு துளி நீலம் இல்லை. "இன்னும் வாங்க," என்றார் வெல்டர். இரண்டாவது தடவை பொத்தென்று மோதியது. சாக்கு கட்டியிருந்ததால் பிழைத்தது. மூன்றாவது தடவை மறுபடியும் முன்னாலேயே நின்றது. நான்காவது தடவை மோதல். வெல்டர் நீலம் பட்ட இடத்தை அளந்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

"எந்தக் கண்ணு சார்?"

"என்னது?"

"ஒரு தடவை மூணடி முன்னாடி நிக்கறீங்க, ஒரு தடவை இடிக்கிறீங்க. டிரெய்லர் நின்ன இடத்துலயேதானே நிக்குது? எந்தக் கண்ணு?"

விரக்கடை படகுக்குள் குனிந்து, அவிழாத முடிச்சு ஒன்றைச் சரிசெய்தார். வெல்டர் விடவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் அசையாமல் இருந்தது. நல்ல வேலைப்பாடு, ஆனாலும் பொய்க்கண் பொய்க்கண்தான்.

"கிரைண்டர் தட்டு உடைஞ்சு அடிச்சது. பதினோரு வருஷம் ஆச்சு. ஒத்தைக் கண்ணுல பார்த்தா உலகமே சுவத்துல ஒட்டின படம்தான். எது கிட்ட, எது தூரம், ஒண்ணும் புரியாது. டீ ஊத்தினா டம்ளருக்கு வெளிய போகும். இப்பவும் கெட்டில் மூக்கை டம்ளர்ல தொட வெச்சுட்டுத்தான் ஊத்தறேன்."

"இடது," என்றார் விரக்கடை. பதினோரு மாதத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க தம்பி."

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? ஆனா ஒண்ணு. நானும் வண்டி ஓட்டறேன். எனக்கு ஒரு கண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், லைசென்ஸ் குடுத்தவனுக்கும் தெரியும். பழகறதுக்கு எட்டு மாசம் சாவியையே தொடல. உங்களுது அப்படியில்ல. டாக்டரைப் பாருங்க. டிரெய்லருக்கு நான் பொறுப்பு, ரோட்டுக்கு நான் பொறுப்பில்ல."

விரக்கடை தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வெல்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேலை நாலு நாள் நடந்தது. குறை சொல்ல முடியாத வேலை. முன்கம்பத்தை வெட்டி எடுத்து, ஒரு சாண் முன்னால் தள்ளிப் பற்றவைத்தார் வெல்டர். பழைய ரப்பர் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீலம் பட்ட உயரத்தில் பள்ளம் விழுந்த பெரிய ரப்பர் உருளை ஒன்றை மாட்டினார். மூக்கு வந்தால் பள்ளத்தில் உட்காரும். அதற்குக் கீழே இன்னொரு உருளை, மூக்கு நழுவினாலும் தாங்கிப் பிடிக்க. குறுக்குச் சட்டம் முழுவதும் கன்வேயர் பெல்ட் துண்டைச் சுற்றி, போல்ட் தலைகளை ரப்பருக்குள் புதைத்தார். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் நிறுத்தினார், நடுவில் வருகிறோமா என்று தெரிவதற்கு. கடைசியில் வின்ச்சுக்கு எண்ணெய் போட்டார்.

"கடைசி மூணடிக்கு மோட்டாரை அணைச்சுட்டுக் கொக்கியை மாட்டிச் சுத்திடுங்க. அதுதான் சரி."

"செருப்பு நனையுமே."

"நனைஞ்சா காயும் சார்."

விரக்கடை வின்ச்சைத் தொடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஓட்டிக்கொண்டே வந்து ஏற்றினார். 'தும்' என்று ஒரு சின்னச் சத்தம். தலையணையில் தலை விழுவதுபோல. மூக்கு பள்ளத்தில் உட்கார்ந்து நின்றது. கரையில் ஒருத்தர், "பார்றா, என்னா கணக்கு!" என்றார். செருப்பு நனையாமல் இறங்கி நடந்தார். ஏழு ஞாயிறு இப்படியே போயிற்று. ஏழு தடவையும் 'தும்.' கரையில் நின்றவர்களுக்கு அது கேட்காது. அவருக்குக் கேட்கும். நிறுத்தியது அவரில்லை, ரப்பர். கைதட்டல் மாதிரி எதையாவது யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுற்றுவார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் படகைச் சுற்றி வருவாள். விடைத்தாள் திருத்துகிறவள்போலக் குனிந்து, மூக்கை விரலால் தடவி, ஒன்பதுதான் என்று பார்த்துக்கொள்வாள். ஐந்தாவது வாரம், "பரவாயில்லையே, வெல்டர் கெட்டிக்காரர்தான்," என்றாள். "நானும்தான்," என்றார் இவர். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்கூட ஒன்று சொல்லிவிட்டால் நாக்கு தனியாகக் கசக்கிறது.

எட்டாவது வாரம், புதன்கிழமை. தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தார். சிக்னலில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் விட்டு நிறுத்தத்தான் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபோது வேனின் பின்கண்ணாடி மட்டும்தான் எதிரே தெரிந்தது. அதில் நாலைந்து பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வேனின் பம்பர் தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பார்த்தார்.

இரண்டு பம்பருக்கும் நடுவில் ஒரு விரற்கடை.

விரலை விட்டே பார்த்தார். ஒரு விரல் போனது, இரண்டாவது போகவில்லை. இருபத்தெட்டு வருடம் இதே இடைவெளியை வைத்துத்தான் பேர் வாங்கினார். ஆனால் இதை அவர் வைக்கவில்லை. தானாக அமைந்தது. பின்னால் ஹாரன் அடித்து, "பெருசு, வண்டிய எடு!" என்று யாரோ கத்தும்வரை அங்கேயே குனிந்து நின்றார். வேன் போய்விட்டது. பிள்ளைகள் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினார். வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாகக் கைக்குழந்தையோடு வருகிறாள், சனிக்கிழமை பதினோரு மணி ரயில். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஸ்டேஷன்லேருந்து டாக்ஸி எடுத்துக்கறேம்மா. அப்பா ஓட்ட வேணாம். படகை இடிச்சுட்டே இருக்காருன்னு நீதானே சொன்ன."

"அதெல்லாம் பழைய கதை. ரெண்டு மாசமா ஒரு பொட்டுகூட வைக்கலை. அப்பாவே வருவாரு. நான் இங்க தொட்டில் எல்லாம் தயார் பண்ணி வெக்கணும்." டீச்சர் இவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். "அப்பா பாஸ்."

"அப்போ சரி," என்றாள் மகள். இவருக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. 'பாப்பா முன்சீட்லயா, பின்சீட்லயா' என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஷெட்டில் கார், பக்கத்தில் டிரெய்லர்மேல் படகு. காரின் முன்பக்கத்தைப் பார்த்தார், டிரெய்லரின் முன்பக்கத்தைப் பார்த்தார். பதினோரு அடிப் படகின் மூக்குக்கு இரண்டு உருளை, பெல்ட், குழாய், நாலு நாள் வேலை. காருக்கு என்ன இருக்கிறது? குழந்தைக்கு என்ன இருக்கிறது? நாலு மாதக் குழந்தையை அவர் இன்னும் கையில்கூட வாங்கவில்லை.

திரும்ப உள்ளே போனார். அலமாரியிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்துவந்தார். ஒன்பது பொட்டுக்குப் பக்கத்தில் அடிபடாத இடமாகப் பார்த்தார். தூரிகையை நீட்டினால் காற்றில் ஆடியது, எங்கே தொடுகிறது என்று தெரியவில்லை. இடது கை விரலை முதலில் அங்கே ஊன்றிக்கொண்டு, விரலை ஒட்டியே தூரிகையைக் கொண்டுபோய் ஒரு பொட்டு வைத்தார். நல்ல வட்டமாகவே வந்தது. பிறகு டிரெய்லர் தண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பத்தேகாலுக்கு டீச்சர் வந்தாள். "இன்னும் கிளம்பலையா? ரயில் வந்துடப் போகுது..." என்று ஆரம்பித்தவள், படகைப் பார்த்தாள். அவளுக்கா எண்ணத் தெரியாது?

"எப்போ? போன வாரம்கூட இல்லையே?" குனிந்து விரலால் தடவினாள். பூச்சு காயவில்லை, விரலில் ஒட்டியது. மறுபடியும் தடவினாள். கீழே வழுவழுவென்று இருந்தது. பள்ளமில்லை, கீறலில்லை. "இங்க அடியே படலையே. தப்பில்லாத இடத்துல எதுக்குங்க சிவப்பு?"

அவர் கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உன் முடி தெரியுது. காது தெரியுது. ரெண்டு பக்கமும் தோள் தெரியுது. நடுவுல நீ இல்ல."

சிவப்பு ஒட்டிய விரலைப் புடவையில் துடைக்கப் போனவள் துடைக்காமல் விட்டாள்.

"எத்தனை மாசமா?"

"பதிமூணு."

"நடுவுல மலை ரோட்டுல என்னை உட்கார வெச்சு ஓட்டினீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"அடப்பாவி மனுஷா!" அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது. இன்னொன்று வைத்தாள், அது அவ்வளவாக வலிக்கவில்லை. "என்கிட்ட சொன்னா என்ன, முட்டையா போட்டிருப்பேன்?" குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

"பயமா இருந்துச்சு டீச்சர்," என்றார். "பத்துன்னு சொன்ன. பத்து வந்தாச்சு. படகையும் வித்துடலாம்."

"படகு கிடக்கட்டும். குடுங்க மொதல்ல."

கையை நீட்டினாள். சாவியை வைக்க அவர் கையைக் கொண்டுபோனார். அவள் கை இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே விட்டுவிட்டார். சாவி தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். டீச்சர் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"நீ டாக்ஸியிலயே வந்துடு. வீட்டுச் சாவி கதவுக்குப் பக்கத்துல, பூந்தொட்டிக்கு அடியில இருக்கும். நானும் அப்பாவும் கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்... வந்து சொல்றேன். பாப்பாவைப் பத்திரமா பிடிச்சுக்கோ."

போனை வைத்தாள். அவருக்கு இடப்பக்கம் நின்றவள் டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் நின்றாள். முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"இந்தக் கண்ணுல தெரியறேனா?"

"தெரியற."

"எப்படி இருக்கேன்?"

"கோவமா இருக்க," என்றார்.